உழிஞை ஒன்றா, இரண்டா? மலாவத்தி மதில் தரும் விடை

புறப்பொருள் பாடத்தில் மாணவர் எளிதில் மனத்திற் கொள்ளும் பகுதி பூக்களின் வரிசை. ஒரு போர்ச்செயலுக்கு ஒரு பூ. அப்பூவின் பெயரே அத்திணையின் பெயர். மதிலை வளைப்போன் உழிஞை சூடுவான். மதிலைக் காப்போன் நொச்சி சூடுவான். இவ்வளவும் சொல்லி, தேர்வுக்கு வரக்கூடிய இரண்டு வினாக்களையும் குறித்துக் கொடுத்துவிட்டால் பாடம் முடிந்தது. மதில் எப்படியிருக்கும், அதன் புறத்தே நிற்பவன் கண்ணுக்கு எது படும், அகத்தே இருப்பவன் எதை நோக்கி அஞ்சுவான் என்னும் கேள்விகள் எழுவதில்லை. மதில் பாட்டில் மட்டுமே உள்ள பொருள் என்று ஆசிரியரும் மாணவரும் கொண்டுவிட்டதே அதற்குக் காரணம்.

வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்துப் பள்ளிகளுக்கு இக்காரணம் பொருந்தாது. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என 2007 முதல் வழங்கும் பழைய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களிலிருந்து சிறிது தொலைவிலேயே கோலசிலாங்கூர் நகரமும், அதன் மேலெழுந்து நிற்கும் மலாவத்திக் குன்றும் உள்ளன. குன்றின்மேல் பழைய கோட்டையின் கற்சுவர்ப் பகுதிகளும், கடலை நோக்கிய பீரங்கிகளும் இன்றும் இருக்கின்றன. விடுமுறை நாளில் அங்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் குரங்குகளுக்குத் தீனி கொடுத்துவிட்டுத் திரும்புகின்றன. மாணவர் பள்ளியில் படித்த உழிஞையும் நொச்சியும் அச்சுவர்களோடு சேர்த்து எண்ணப்படுவதில்லை.

சேர்த்து எண்ணினால், காட்சியின்பத்துக்கு மேலும் ஒரு பயன் உண்டு. புறத்திணை இலக்கணத்தில் நெடுங்காலமாக நின்றுவரும் ஒரு கருத்து வேறுபாட்டை அம்மதிலின் வரலாறு தெளிவாக்குகிறது. மதிற்போர் ஒரு திணையா, இரு திணையா என்பதே அவ்வேறுபாடு.

இரு நூல்கள், இரு வகுப்புகள்

தொல்காப்பியம் புறத்திணை ஏழு என்னும். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என்பன அவை. இவற்றுள் உழிஞை மருதத்திற்குப் புறன். வலிய அரணை வளைத்தலும் அதனைக் கைக்கொள்ளுதலும் அதன் பொருள். வளைப்பவன் செயலும் காப்பவன் செயலும் இவ்வொரு திணைக்குள்ளேயே அடங்கும். துறைகளைச் சொல்லும்போது அகத்தோன், புறத்தோன் என்னும் இரு சொற்களையும் ஆசிரியர் அடுத்தடுத்து ஆள்கிறார். நொச்சி என்னும் சொல்லையும் அவர் அறிவார். ஆயினும் அதனைத் தனித் திணையாக்காமல், மதிலகத்தோன் விரும்பும் நொச்சியை உழிஞைத் துறைகளுள் ஒன்றாகவே வைத்தார்.

பின்வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை வேறு வழி சென்றது. நிரை கவர்தலை வெட்சி என்றும், அதனை மீட்டலைக் கரந்தை என்றும் பிரித்ததுபோலவே, மதிற்போரையும் இரண்டாக்கியது. காத்தல் நொச்சிப் படலமாகவும் வளைத்தல் உழிஞைப் படலமாகவும் நின்றன. ஒவ்வொரு செயலுக்கும் எதிர்ச்செயல் ஒரு தனித்திணை ஆதல் இந்நூலின் முறை. பிற்காலத்தார் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றினர். இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படுவதும் இதுவே. நினைவில் வைக்க எளிது என்பதும், வினாத்தாளில் பொருத்துக என்று கேட்க ஏற்றது என்பதும் இதன் செல்வாக்குக்கு உதவியிருக்கலாம்.

இரண்டில் எது மதிலின் இயல்புக்கு நெருங்கியது? நூல்களை மட்டும் வைத்து இதற்கு விடை காண முயன்றவர்கள் பெரும்பாலும் நூல்களின் காலத்தையும் பெருமையையும் பேசி முடித்தனர். மதிலைக் கேட்டுப் பார்த்தால் வேறு வகையான சான்று கிடைக்கிறது.

குன்றின்மேல் ஓர் அரண்

மலாவத்திக் கோட்டையைப் புரிந்துகொள்ளத் திருக்குறளின் அரண் அதிகாரம் நல்ல துணை. நீர், மண், மலை, காடு என்னும் நான்கும் உடையதே அரண் என வள்ளுவர் வகுக்கிறார். குன்றின் உச்சியில் நின்று பார்ப்போர்க்கு இந்நான்கும் ஒரே பார்வையில் அகப்படும். ஒருபுறம் சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். அதற்கப்பால் மலாக்கா நீரிணை. குன்றின் அடியில் கடல்வரை பரந்து கிடப்பது அலையாத்திக் காடு. 1987-இல் அது இயற்கைப் பூங்காவாக்கப்பட்டது. கீழ்நிலமெல்லாம் தாழ்ந்து தட்டையாக இருக்க, அதன் நடுவே எழுந்து நிற்பது இக்குன்று.

எஞ்சிய மண்ணரண்தான் ஆராய்தற்குரியது. குறளில் உள்ளது மண் என்னும் ஒரு சொல்லே. பரிமேலழகர் அதற்கு நீரும் நிழலும் இல்லாத வெறுநிலம் என்று பொருள் கொண்டார். பகைவர் வந்து தங்கி மதிலைப் பற்ற முடியாமைக்கு அத்தகைய நிலம் வேண்டும் என்பது அவர் கருத்து. தமிழகத்தின் வறண்ட பகுதிகளை அறிந்தவர்க்கு அவ்வுரை முற்றும் பொருந்தும். மலாவத்தியிலோ நீரும் நிழலும் இல்லாத நிலம் என்று ஒரு சாண்கூடக் கிடையாது. ஆனால் நீர் வற்றும்போது கடற்கரை முழுதும் சேற்றுத் திட்டாக வெளிப்படுகிறது. கப்பல் அணுக முடியாது, படகு தரைதட்டும், இறங்கி நடப்பவன் முழங்கால் அளவு புதைவான். பகைவரைத் தங்கவொட்டாத வேலையை இங்கே சேறு செய்கிறது. உரையாசிரியர் சொன்ன பயன் இருக்கிறது. அவர் சொன்ன நிலம் இல்லை. ஆதலின் மண் என வாளா கூறிய மூலத்தின் பரப்பு, உரையின் பரப்பினும் பெரியது என்பது பெறப்படும். பரிமேலழகர் பிழைபட்டார் என்று இதற்குப் பொருளன்று. அவர் தம் நாட்டு மண்ணைக் கண்டு உரை எழுதினார். வேறு நாட்டு மண்ணை மிதிப்போர் அவ்வுரையை அளவாகக் கொண்டு மூலத்தைச் சுருக்கிவிடலாகாது என்பதே கருத்து.

மதிலுக்கு உயரம், அகலம், திண்மை, அணுகுதற்கு அருமை என்னும் நான்கு இயல்புகளையும் வள்ளுவர் வேண்டுகிறார். மலாவத்தியில் இன்று காண்பவை உயர்ந்த சுவர்கள் அல்ல, குட்டையான கற்சுவர்கள். இதனைக் கண்டு ஏமாற்றமடைவோர் உண்டு. மதுரைக் காண்டம் கற்றவர்க்கு மதில் என்றால் வானளாவ வேண்டும். தானே வளைந்து எய்யும் வில்லும், கல்லெறியும் கவணும், கொதிக்கும் எண்ணெய்க் கலங்களும் அதன்மேல் இருக்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை அத்தகைய பொறிகளை நீளமாக அடுக்கிச் சொல்கிறது. ஆனால் வெடிமருந்து வந்தபின் உயர்ந்த சுவர் காப்பாக இல்லாமல் இலக்காகிவிட்டது. பீரங்கிக் காலத்து மதில் உலகெங்கும் தாழ்ந்தும் தடித்தும் அமைந்தது. மலாவத்தியில் வேண்டிய உயரத்தைக் குன்று கொடுத்தது; சுவர் அகலத்தையும் திண்மையையும் மட்டும் கொடுத்தால் போதியதாயிற்று. வள்ளுவர் சொன்ன நான்கும் இங்கே உள்ளன. அவை ஒரு சுவரிலேயே இல்லாமல் சுவருக்கும் குன்றுக்கும் பங்கிடப்பட்டிருக்கின்றன.

மலாய்மொழியில் கோட்டைக்குக் கோத்தா என்று பெயர். அச்சொல் வடமொழி வழியாக மலாய்க்கு வந்தது. அவ்வடமொழிச் சொல்லும் திராவிட மூலமுடையது என மொழிநூலார் பலர் கருதுவர். சொல்லளவிலும் இக்குன்று தமிழ் மாணவருக்கு முற்றிலும் அயலானதன்று.

ஒரே மதில், இரண்டு முற்றுகை

இனி, திணை பற்றிய கேள்விக்கு வரலாம். சிலாங்கூர் அரசு பூகிஸ் மரபினர் நிறுவியது. 1766-இல் ராஜா லூமு, சுல்தான் சலாவுதீன் என்னும் பெயருடன் முடிசூடினார். அவர் மகன் சுல்தான் இப்ராகிம் 1778 முதல் 1826 வரை ஆண்டார். 1784-இல் ரியாவின் பூகிஸ் தலைவர் ராஜா ஹாஜி, டச்சுக்காரர் வசமிருந்த மலாக்காவை வளைத்தபோது இப்ராகிமும் அவருக்குத் துணை நின்றார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ராஜா ஹாஜி போரில் மாண்டார். முற்றுகை கலைந்தது. டச்சுக் கப்பற்படை உடனே சிலாங்கூர் ஆற்று வாயிலுக்குத் திரும்பியது. ஆகஸ்டு மாதத்தில் மலாவத்தி அவர்கள் வசமாயிற்று. சுல்தான் உள்நாட்டு வழியாகப் பகாங்கை நோக்கிச் சென்றார். வென்றவர்கள் தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங் என்பவரின் பெயரால் அக்கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர்.

ஓராண்டு நிறையவில்லை. 1785 ஜூன் மாதத்தில் இப்ராகிம் பகாங்கில் திரட்டிய துணையுடன் திரும்பி வந்து தாக்கினார். உள்ளிருந்த டச்சுப் படையினர் கோட்டையைக் கைவிட்டுக் கப்பலேறினர். அதன்பின் டச்சுக் கப்பல்கள் ஆற்று வாயிலை நெடுநாள் அடைத்து நின்றன. 1786-இல் உடன்படிக்கை ஏற்பட்டது.

இந்நிகழ்ச்சிகளைப் புறப்பொருள் வெண்பாமாலையின் வகுப்பில் வைத்துப் பார்க்க. 1784 தொடக்கத்தில், மலாக்காவின் மதிற்புறத்தே, இப்ராகிம் உழிஞையார், டச்சுக்காரர் நொச்சியார். ஆகஸ்டு மாதத்தில், மலாவத்தியில், டச்சுக்காரர் உழிஞையார், இப்ராகிம் நொச்சியார். 1785 ஜூனில் அதே மலாவத்தியில் இப்ராகிம் மீண்டும் உழிஞையார், டச்சுக்காரர் நொச்சியார். கப்பல்கள் வாயிலை அடைத்து நின்ற மாதங்களில் இப்ராகிம் மறுபடியும் நொச்சியார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் ஒரே மன்னர் நான்கு முறை பூ மாற்றிச் சூட வேண்டியதாயிற்று. மலாவத்தியின் சுவரோ இருந்த இடத்திலேயே இருந்தது.

பூவைக் கொண்டு திணையைப் பிரிப்போர்க்கு இது நான்கு திணை நிகழ்ச்சி. மதிலைக் கொண்டு திணையை அமைத்த தொல்காப்பியர்க்கு இஃது ஒரே திணை. எது இவ்வரலாற்றை நன்கு விளக்குகிறது? மதிலை வென்று உட்புகுந்தவன் அந்த நொடியிலேயே அம்மதிலைக் காக்கவேண்டியவன் ஆகிறான். உழிஞையின் முடிவே நொச்சியின் தொடக்கம். இரண்டையும் வேறு படலங்களாக வெட்டி வைத்தால் இத்தொடர்ச்சி கண்ணுக்கு மறைகிறது. வளைத்தல், கொள்ளல் என்னும் இரண்டையும் ஒருங்கே சொன்ன தொல்காப்பியர் வளைத்தலோடு நின்றிருந்தால் இவ்வாதம் எழாது. கொள்ளலையும் சேர்த்ததனால், புறத்தோன் அகத்தோனாக மாறும் அந்நொடியை அவர் திணையின் நடுவில் வைத்துவிட்டார்.

மலாக்காவின் மதிலும் இதனையே சொல்கிறது. 1511-இல் போர்ச்சுகீசியர் அந்நகரை வென்று கோட்டை கட்டினர். 1641-இல் நீண்ட முற்றுகைக்குப்பின் டச்சுக்காரர் அதனைக் கொண்டனர். 1795-இல் ஆங்கிலேயர் வசம் போயிற்று. வந்தவர் ஒவ்வொருவரும் புறத்தோராய் வந்து அகத்தோராய் இருந்தனர்.

கோவூர்கிழார் நின்ற இடம்

சங்கப் பாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சோழன் நலங்கிள்ளி ஆவூரை வளைத்திருந்தபோது உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர்கிழார் பாடியது புறநானூற்றின் 44-ஆம் பாட்டு. நீராடாத யானைகளின் அயர்வு, பாலில்லாத குழந்தைகளின் அழுகை, பூவில்லாத மகளிர் கூந்தல் என மதிலின் உட்புறத்தைப் புலவர் காட்டுகிறார். அறவழி நிற்பதானால் கதவைத் திறந்து கொடு, மறவழி நிற்பதானால் கதவைத் திறந்து போரிடு, இரண்டுமின்றி அடைத்துக் கிடத்தல் நாணத்தக்கது என்பது அவர் இடித்துரை. 45-ஆம் பாட்டில் உறையூர் முற்றுகை. அங்கே புலவர் இருவரையும் ஒருசேர நோக்கிப் பேசுகிறார். இருவர் மார்பிலும் இருப்பது ஆத்தி மாலையே. யார் தோற்றாலும் தோற்பது ஒரு குடியே என்கிறார்.

இவ்விரண்டும் ஐயமின்றி மதிற்போர்ப் பாட்டுகள். ஆனால் இவற்றின் கீழ் உழிஞை என்றோ நொச்சி என்றோ குறிப்பு இல்லை. 44-க்கு வாகைத் திணையும் அரசவாகைத் துறையும், 45-க்கு வஞ்சித் திணையும் துணைவஞ்சித் துறையும் தரப்பட்டுள்ளன. பாரியின் பறம்பை மூவேந்தர் வளைத்தபோது கபிலர் பாடிய 109-ஆம் பாட்டுக்கோ நொச்சித் திணை எனத் தயங்காமல் எழுதப்பட்டது. உழாமலே விளையும் நான்கு உணவு பறம்பில் உண்டு, வாளால் கொள்ள முடியாது, பாடி வந்தால் கொடுத்துவிடுவான் என்று கபிலர் முழுக்க உள்ளிருப்பவன் சார்பில் பேசுகிறார். ஒரு பக்கம் நின்று பாடிய பாட்டுக்குத் திணை எளிதில் கிடைத்தது. இரு பக்கமும் பார்த்துப் பாடிய பாட்டுக்கு மதிற்போர்த் திணை இரண்டுமே பொருந்தவில்லை. திணை ஆளுக்கு உரியதாகிவிட்டால், ஆள் எவரையும் சாராத புலவனுக்கு இடமில்லாமற் போகும் என்பதற்கு இக்குறிப்புகள் நல்ல எடுத்துக்காட்டு. தொல்காப்பியரின் உழிஞையில் அகத்தோனும் புறத்தோனும் சேர்ந்திருப்பதால் கோவூர்கிழாருக்கு அங்கே இயல்பாக இடம் உண்டு.

வெண்பாமாலைக்கும் ஒரு நியாயம்

இதனால் ஐயனாரிதனார் செய்தது வீண் என்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. நொச்சி தனித்திணையானதால் ஒரு நன்மை விளைந்தது. வெல்பவனைப் பாடுவது உலக இயற்கை. காத்து நின்று தோற்றவனைப் பாட ஒரு தனியிடம் வேண்டும். உழிஞைக்குள் ஒரு துறையாக மட்டும் இருந்தால் காப்போன் பெருமை வளைப்போன் பெருமைக்கு அடைமொழியாகிவிடக்கூடும். மோசிசாத்தனார் புறநானூற்றில் நொச்சி மரத்தையே விளித்து, அது மகளிர்க்குத் தழையாகவும் மதில் காப்போனுக்குக் கண்ணியாகவும் ஆவதைப் போற்றுகிறார். வீட்டில் அணியும் தழையே மதிலின்மேல் கண்ணியாதலைக் காணும் பாட்டு அது. காப்போனுக்கு வீடு பின்னால் இருக்கிறது. வளைப்போனுக்கு வீடு தொலைவில் இருக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. நொச்சி தனியே நின்றதால்தான் அது பளிச்செனத் தெரிகிறது.

மலாவத்தியும் இந்நியாயத்தை ஓரளவு ஒப்புக்கொள்ளும். 1784-இல் தோற்றோடிய அகத்தோனாகிய இப்ராகிம் இன்று அதே குன்றின்மேல் அரச கல்லறையில் துயில்கிறார். ஓராண்டும் நிலைக்காத புறத்தோனின் பெயரோ 1907-இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்குக்கு உரியதாகி ஆல்டிங்ஸ்பர்க் என்றே வழங்குகிறது. காத்தவனுக்கு மண், வளைத்தவனுக்குப் பெயர் எனப் பங்கீடு அமைந்துவிட்டது. 1871 ஜூலையில் ஆங்கிலப் போர்க்கப்பல் ரினால்டோ இக்கோட்டையைச் சுட்டு அதன் பீரங்கிகளைச் செயலற்றவையாக்கியது. இவ்வாறு வெளியிலிருந்து வந்தோர் தங்கள் செயலை எழுதி வைத்தனர். உள்ளிருந்தோர் கண்ட காட்சி ஊர்க்கதைகளாகவே எஞ்சியது. நொச்சியை வற்புறுத்துவோர் கேட்பது இந்த உள்ளிருந்தோர் குரலையே. அது நியாயமான கேள்வி. ஆயினும் அக்குரலைக் கேட்பதற்கு வேண்டியது கூர்மையான காது; தனித்திணைதான் வழி என்பதில்லை. அகத்தோன் என்னும் சொல்லைத் தொல்காப்பியர் வைத்த இடத்திலேயே வைத்து அதற்கு முழு மதிப்புக் கொடுத்தாலும் அக்குரல் கேட்கும்.

மதில் போனபின்

மதில் கற்களாக எஞ்சியிருப்பதன் அருமை, அது போய்விட்ட ஊர்களைப் பார்த்தால் தெரியும். சங்க நூல்களும் சிலப்பதிகாரமும் பாடிய மதுரையில் பாண்டியர் காலக் கோட்டையின் அடையாளமாக இன்று சுட்டப்படுவது கிழக்கேயுள்ள விட்டவாசல். நாயக்கர் காலத்தில் அதற்கு வெளியே எழுந்த பெருங்கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிப்பித்து அகழியைத் தூர்த்தார். நகர் விரிவதற்கு அது தேவையாயிருந்தது; அவர் நினைவாக விளக்குத்தூண் நிற்பதும் உண்மை. மேலைப் பக்கத்தில் ஒரு கொத்தளம் மட்டும் எஞ்சியது. வெளி வீதி என்னும் பெயரில் மதிலின் நினைவு இருக்கிறது; அப்பெயரைச் சொல்பவர் எதற்கு வெளி என்று எண்ணுவதில்லை.

மலாக்காவில் 1807-இல் ஆங்கிலேயர் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தனர். சந்தியாகு வாயில் ஒன்றே பெயருக்கு நிற்கிறது. அவ்வழிவைச் சிறுவனாகக் கண்ட முன்ஷி அப்துல்லா பின்னாளில் தம் வரலாற்றில் அதனை எழுதினார். கோட்டை இழந்த மலாக்காவைக் கணவனை இழந்த பெண்ணோடு அவர் ஒப்பிட்டது மலாய் உரைநடையின் புகழ்பெற்ற இடங்களுள் ஒன்று. தமிழ் மரபும் கலந்த குடும்பத்தில் பிறந்து, இளமையில் தமிழும் கற்றவர் அவர். மதிலின் அழிவை வென்றவன் பெருமையாகவோ தோற்றவன் இழிவாகவோ காணாமல் ஊரின் இழப்பாகக் கண்டது அவர் தனிச்சிறப்பு. கோவூர்கிழார் நின்ற இடத்துக்கு அவ்விடம் தொலைவன்று.

ஆக, மதுரையில் பாட்டு நிறைந்திருக்கிறது, மதில் இல்லை. மலாக்காவில் ஒரு வாயிலும் ஒரு நூலும் இருக்கின்றன. மலாவத்தியில் மதில் இருக்கிறது. அதைப் பற்றித் தமிழ் மாணவர் கையில் எழுத்து இல்லை.

தோட்டத்தாரும் மதிலும்

மலாவத்தியில் மோதிய இரு தரப்பிலும் தோட்டத் தமிழர் இல்லை. அவர்கள் வந்தது மதில் ஓய்ந்த பிறகு. பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் குன்றைச் சுற்றியுள்ள நாட்டை மாற்றிய பிற்காலம் அது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமராம் தோட்டத்தில் தொடங்கியது. தோட்டத்தின் பெயரே தமிழ்ச் சொல். அதனைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி போக்கொனியே 1930-இல் தம் மலேசியா நாவலுக்காகக் கோங்கூர் பரிசு பெற்றார். இவ்வட்டாரத் தோட்ட வாழ்வை உலகம் படித்தது தோட்டத் துரை ஒருவரின் எழுத்தில். லயத்தில் இருந்தோர் கண்ட அதே வாழ்வு அந்த அளவு பரவவில்லை. புறத்தோன் எழுத்தும் அகத்தோன் மௌனமும் இங்கும் எதிரெதிரே நிற்கின்றன.

ஆயினும் அரண் கட்டுதல் தோட்டத்தார் அறியாத தொழிலன்று. கடலோரத் தோட்டங்களில் நிலம் தாழ்ந்தது. பெருக்கு நீர் புகாதபடி மண்கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, நீர்க்கதவு வைத்துத்தான் அங்கே பயிர் செய்ய முடிந்தது. கரை உடைந்தால் உவர்நீர் உள்ளே வரும். ஆதலின் கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வள்ளுவர் சொன்ன மண்ணரண் என்பதற்கு இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. எவ்வளவு சிறந்த அரணும் உள்ளிருப்போரின் வினைத்திறம் இல்லாவிடின் பயனற்றது என்று அவ்வதிகாரம் முடிகிறது. கரை காத்த குடும்பத்துப் பிள்ளைக்கு இக்கருத்தை விளக்க உரைநூல் தேவையில்லை.

தோட்டங்கள் துண்டாகி, மக்களுட் பலர் ஊர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்ட இந்நாளில், அக்கரைகளின் நினைவும் அடுத்த தலைமுறைக்குச் செல்வது உறுதியில்லை. பாட்டனார் கரை காத்த கதையும், குன்றின் மதிலும், குறளின் அரண் அதிகாரமும் ஒரே வகுப்பில் சந்திக்கக்கூடிய காலம் இன்னும் சில ஆண்டுகளே இருக்கலாம். அவை சந்தித்தால் புறப்பொருள் உயிருள்ள பாடமாகும். சந்திக்காவிடின், பூக்களின் பட்டியல் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும்.

கற்பிக்கும் முறை

இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டுவதில்லை. ஆசிரியர் மாணவரை மலாவத்திக்கு அழைத்துச் செல்லும்போது இரண்டு இடங்களில் நிறுத்தினால் போதும். முதலில் குன்றின் அடியில், அலையாத்திக் காட்டின் ஓரத்தில். அங்கிருந்து மேலே பார்த்து, படையுடன் வந்தவன் எவ்வழியே ஏறுவான், எங்கே சேறு தடுக்கும், எங்கே குண்டு வந்து விழும் என்று மாணவரே சொல்லட்டும். அடுத்து உச்சியில், சுவரின் உட்புறத்தே. அங்கிருந்து கீழே பார்த்து, எத்திசைக் கப்பல் முதலில் தெரியும், குடிநீருக்கு என்ன செய்வது, வாயில் அடைபட்டால் எத்தனை நாள் தாங்கலாம் என்று அவர்களே எண்ணட்டும். ஆவூர்க் குழந்தைகளின் அழுகை அப்போது அவர்களுக்குப் புரியும்.

கடற்கரை மணற்பாங்கில் மலாய்க்காரர் லெகுண்டி என வழங்கும் செடி நொச்சியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் இலையையும் ஒருமுறை கையில் கொடுத்து முகரச் சொல்லலாம். பெயராக மட்டும் அறிந்த பூவுக்கு அன்று மணமும் வடிவும் உண்டாகும்.

திணை ஒன்றா, இரண்டா என்னும் வினாவை அதன்பிறகே எழுப்புதல் வேண்டும். இரண்டு எனச் சொல்லும் மாணவன் காப்போனுக்காகப் பேசுகிறான்; அதனைத் தவறு என்று அடித்தல் கூடாது. ஒன்று எனச் சொல்லும் மாணவன் காலை அடியில் நின்றதையும் பிற்பகல் உச்சியில் நின்றதையும் நினைத்துக்கொண்டு சொல்வான். மதில் நகரவில்லை, நின்ற ஆள்தான் நகர்ந்தான் என்பதை அவன் தன் காலாலேயே அறிந்திருப்பான். தொல்காப்பியர் வகுப்பே மதிலின் இயல்புக்கு நெருங்கியது என்பதற்கு அதனினும் வலிய சான்று நூல்களிற் கிடைப்பது அரிது.